மலைவீட்டுக் கதவுக்கு எந்த மரம்? கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு முன்கதவை மாட்டியது ஒரு ஏப்ரல் மாதம். நல்ல தேக்கு. மேட்டுப்பாளையத்தில் மரம் எடுத்து, கீழேயே ஒரு பட்டறையில் செய்து, வேனில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தோம். ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். நவம்பரில் அதே கதவைத் தோளால் முட்டித் திறக்க வேண்டியதாயிற்று. இழைத்துவிடச் சொல்லி ஊரிலிருந்த பெரியவர் ஒருவரை அழைத்தேன். பழைய ஆசாரி. கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை.

“மரம் இன்னும் தண்ணி குடிச்சு முடிக்கலீங்க சார். இப்ப இழைச்சா பிப்ரவரியில இந்தச் சந்துல பூனை போகும்.”

நான் கேட்கவில்லை. வேறொருவரை வைத்து இழைத்தேன். பிப்ரவரியில் பூனை போகவில்லை. காற்று வந்தது, அதுவும் கோத்தகிரிக் காற்று.

நீலகிரியில் புதிதாக வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் “தேக்கா, வேங்கையா?” என்று கேட்கும்போதெல்லாம் அந்தச் சந்துதான் ஞாபகம் வருகிறது. மரத்தின் பெயர் முக்கியம்தான். ஆனால் இங்கே அதைவிட முக்கியம், அந்த மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தத் திசை பார்த்த கதவுக்குப் போகிறது என்பது. திசையிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் கதவுகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் வீட்டின் எல்லாக் கதவுகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள்: மழை நேராக அடிக்குமா, வெயில் படுமா, உள்பக்கம் கணப்போ ஹீட்டரோ இருக்கிறதா.

மழைத் திசை ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான் பெரியது. மேற்கு பார்த்த கதவு அங்கே படாத பாடு படும். கோத்தகிரி, குன்னூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இங்கே கிழக்கும் வடக்கும் பார்த்த கதவுகள்தான் நனையும். வாஸ்துப்படி கிழக்கு வாசல் வைத்தவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. கொடைக்கானலில் கட்டுகிறவர்களும் வடகிழக்குக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

நனையும் கதவு என்று தெரிந்தால், மரத்தைப் பற்றி யோசிக்கும் முன் அதன் மேல் இரண்டரை, மூன்றடிக்கு ஒரு சன்ஷேடோ சின்னப் போர்டிகோவோ போட முடியுமா என்று பாருங்கள். தலைக்கு மேல் கூரையுள்ள சுமாரான மரம், மழையில் நிற்கும் முதல்தரத் தேக்கைவிட அதிக நாள் உழைக்கும். மேஸ்திரி இன்னும் வேலையில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால் செலவு இரண்டு மடங்கு.

கதவு ஏன் பிடிக்கிறது

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். அறுத்துக் காய்ந்த பிறகும், பாலிஷ் போட்ட பிறகும் இது நிற்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்தில் நிலைக்கும். காற்றின் ஈரம் 80 ஆனால் மரத்தில் சுமார் 16. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி வாரக்கணக்கில் வெயிலே இல்லாத நாட்களில் அதற்கும் மேலே போகும். கீழே கோவைக் கோடையில் 10 சதவீதத்துக்குக் காய்ந்த கதவு, மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலையேறி இங்கே வந்ததும் வேறு உலகத்தில் நிற்கிறது.

இதை மில்லிமீட்டரில் பார்த்தால்தான் புரியும். தேக்கு, ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலவாக்கில் அதிகபட்சம் 0.2 சதவீதம் அளவுக்கு ஊதும். 10-லிருந்து 16-க்குப் போனால் ஏறக்குறைய 1.2 சதவீதம். 900 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பலகைகளை ஒட்டி ஒரே தகடாகச் செய்த கதவு, பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஊதிவிடும். எந்த நிலையும், அதாவது கதவைச் சுற்றி நிற்கும் மரச்சட்டமும், அதைத் தாங்காது. ஆனால் சட்டமும் பலகையுமாகச் செய்த கதவில் நிலைமை வேறு. மரம் நீளவாக்கில் நீள்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் குறுக்குச் சட்டங்கள் அப்படியே இருக்கும். ஊதுவது இரண்டு ஓரத்து நெடுஞ்சட்டங்களின் அகலம் மட்டும்தான். இரண்டும் சேர்ந்து 250 மில்லிமீட்டர் என்றால், ஊதல் மூன்று மில்லிமீட்டர். நடுப்பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) தளர்வாக உட்கார்ந்திருந்தால் தம் பாட்டுக்கு ஊதிச் சுருங்கிக்கொள்ளும்.

ஆகவே மலைவீட்டுக்கு மரக்கதவு என்றால் சட்டப்பலகைக் கதவுதான். நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டவோ, ஆணி அடிக்கவோ விடாதீர்கள். “ஆடுதுங்க” என்று சொல்லி ஆசாரி ஒட்டப் பார்ப்பார். ஆடட்டும். ஒட்டினால் முதல் கோடையிலேயே பலகை நடுவில் வெடிக்கும்.

இன்னொன்று. வெளியே மஞ்சு, உள்ளே ஹீட்டர் என்று இருக்கும் முன்கதவு ஒருபக்கம் ஊதி, மறுபக்கம் சுருங்கி வில்லாக வளையும். ஊட்டியில் கணப்பு எரியும் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். அங்கே முன்கதவுக்கு ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

இனி மரங்கள்

தேக்கிலிருந்தே தொடங்குவோம். மரத்திலேயே எண்ணெய் உண்டு, ஊதுவதும் குறைவு, கரையான் லேசில் தொடாது, இழைக்கவும் சுகம். நீலகிரியின் உச்சியில் தேக்கு வளராது. முதுமலைக் காட்டில் இருக்கிறது. நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கு இறங்கினால் வரும் நிலம்பூரில், மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் சாத்து மேனன் என்ற வன அதிகாரியைக் கொண்டு போடவைத்த தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. “நிலம்பூர் தேக்கு” என்று கடையில் சொன்னால் விலை ஏறுவதற்கு அந்தப் பரம்பரைதான் காரணம். ஆனால் சொல்வதெல்லாம் நிலம்பூர் இல்லை. “பர்மா தேக்கு” என்ற பேச்சையும் கவனமாகக் கேளுங்கள். மியான்மர் 2014-லேயே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது.

இப்போது கடைகளில் நிறைய இருப்பது கானா, தான்சானியா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு. அதுவும் தேக்குதான், ஏமாற்று இல்லை. ஆனால் சின்ன வயதில் வெட்டிய மரம் என்றால் வைரம் (உள்ளே முற்றிய பகுதி) குறைவு, வெள்ளை (வெளியோர இளம்பகுதி) அதிகம். “ஆப்பிரிக்கன் தேக்கு” என்று மொட்டையாகச் சொன்னால் அது இரோக்கோ என்ற வேறு மரமாக இருக்கவும் வாய்ப்புண்டு. இரோக்கோ மோசமான மரமில்லை. தேக்கு விலை கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

என் யோசனை: தேக்கை முன்கதவுக்கும், மழை படும் வேறு ஒரு கதவு இருந்தால் அதற்கும் மட்டும் வாங்குங்கள். வீடு முழுக்கத் தேக்கு என்பது பெருமைக்காகச் செய்வது.

வேங்கை கனமான, உறுதியான மரம். நிலைக்கு மிகப் பொருத்தம். ஒரே சிக்கல் அதன் சாயம். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறம் மாறும். அதே வேலையை மழையும் செய்யும். வெள்ளைச் சுவரில் நிலையின் அடியிலிருந்து மஞ்சள் பழுப்பாகக் கோடு இறங்கும். எல்லாப் பக்கமும் பூச்சு கொடுத்த பிறகே மாட்டுவது, மழை படாத நிலைகளுக்கு மட்டும் வைப்பது, இரண்டில் ஒன்று செய்தால் போதும்.

அயனியும் பலாவும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கிடைக்கும். கேரளத்து ஆசாரிகளுக்குக் கைபழகிய மரங்கள். அயனியில் படகே கட்டுகிறார்கள் என்றால் ஈரம் பற்றி அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலைக்குத் தேக்குக்கு அடுத்து நான் அயனியைத்தான் சொல்வேன். பலா முதலில் மஞ்சளாக இருந்து வருஷம் போகப் போகத் தேன் நிறமாகி, பழுப்பாகும். உள்கதவுக்கு அழகான மரம். மகோகனியும் அதிகம் ஊதிச் சுருங்காது. ஆனால் இளமரத்தின் வெள்ளைப் பகுதியை வண்டு விடாது, அதனால் உள்ளறைக்கு மட்டும்.

மலேசியன் சால் என்ற பெயரில் விற்பது பல மரங்களுக்குப் பொதுவான கடைப்பெயர். விலை குறைவு, கனம் அதிகம், நிலைக்கு நிறையப் பேர் போடுகிறார்கள். பச்சையாக வந்தால் முறுக்கிக்கொள்ளும். காய்ந்ததா என்று பார்த்து வாங்கினால் உள்நிலைகளுக்குக் குற்றமில்லை.

இனி நம்மூர் மரங்கள். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், “சும்மா நிக்குதே!” என்று. சரியாக அறுத்தால் சில்வர் ஓக்கில் வரும் வெள்ளிப் புள்ளி வேலைப்பாடு பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் வெளிக்கதவுக்கு ஆகாது. நனைந்தால் மட்கும், வண்டும் வரும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால் அறைக்கதவுக்கு நன்றாகவே உழைக்கும். அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் மட்டும். சிலருக்கு அந்த மரத்தூள் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும், இழைப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கற்பூர மரம், அதாவது தைல மரம், 1840-களில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து எங்கு பார்த்தாலும் அதுதான். விறகுக்கும் தைலத்துக்கும் சரி. கதவுக்கு வேண்டவே வேண்டாம். அதன் நார் சுற்றிச் சுற்றிப் போகும், அறுக்கும்போதே பலகை வளைந்து வெடிக்கும். சீகையும், அதாவது வாட்டில் மரமும், அப்படியே விறகோடு நிற்கட்டும். பைனும் சைப்ரஸும் மென்மரங்கள். சூளையில் உலர்த்தி மருந்து ஏற்றிய பைன் அறைக்கதவுக்கு ஆகும். ஆனால் கணு இருக்கும் இடத்தில் பூச்சைத் தாண்டிப் பிசின் கசியும்.

ஈட்டி மரத்தை யாராவது “ஒரு இடத்துல இருக்குங்க, முடிச்சுத் தர்றேன்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அதைக் காப்பதற்கென்றே 1990-களில் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. பொதுவாகவே மலையில் உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மரத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகவும் விதிகள் உண்டு. கடையில் வாங்கினால் பில் கேளுங்கள், பாஸ், அதாவது கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு, தேவைப்படும் மரமென்றால் அதையும் கையில் வாங்குங்கள். கேரளத்திலிருந்து கொண்டுவருவதானால் இது இன்னும் கட்டாயம், நாடுகாணிச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள்.

இதெல்லாம் தவிர, எனக்கு மிகப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: பழைய மரம். பழைய பங்களாக்களைப் பிரிக்கும்போதும், கீழே பழைய வீடுகள் இடிபடும்போதும் தேக்குக் கதவுகளும் உத்தரங்களும் விற்பனைக்கு வரும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், இனி அது முறுக்கிக்கொள்ள என்ன இருக்கிறது? அறுக்கும் முன் காந்தத்தைத் தடவி ஆணிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள்.

குளியலறைக்கு எந்த மரமும் வேண்டாம். டபிள்யு.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது ஃபைபர் கதவு போடுங்கள். மேலே சொன்ன எல்லாப் படிப்பும் வெந்நீர் ஆவியில் ஒரு வருஷத்தில் வீணாகிவிடும்.

சமையலறைப் பின்கதவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கரடி வரும். எண்ணெய் வாசனைக்கும் இனிப்புக்கும் கோயில், டீக்கடை, வீடு என்று கதவை உடைத்து நுழைந்த கதைகள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஏராளம். உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் கதவு அதற்கு அப்பளம். கனமான நிலை, கெட்டி மரக் கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள். தோடர்களின் பழைய வீடுகளில் ஆள் குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல் இருக்கும். குளிருக்கும் விலங்குக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

கடையில் நிற்கும்போது

அளவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மரக்கடையில் கன அடிக் கணக்கு: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஏழடிக்கு மூன்றரை அடி முன்வாசலுக்கு 5-க்கு 4 அங்குல நிலை என்றால், அடிக்கட்டையும் மூலை இணைப்புகளில் போவதும் சேர்த்து மொத்தம் சுமார் 24 அடி நீளம் வரும். 5 × 4 × 24 ÷ 144, சுமார் மூன்றே கால் கன அடி. அதே வாசலுக்கு ஒன்றரை அங்குலக் கதவு மூன்று கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் போவதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்கதவு நிலைகளுக்கு 4-க்கு 3 போதும்.

பிறகு மரத்தைப் பாருங்கள். மேல்பக்கத்தில் என்ன நிறம் இருந்தாலும் நம்ப வேண்டாம், ஒரு மூலையை இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். தேக்கென்றால் பொன்பழுப்பு, விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, தோல் பதனிட்டது போன்ற ஒரு வாசனை. ஓரத்தில் வெளுப்பாக ஓடுவது வெள்ளை. அது தேக்கின் வெள்ளையானாலும் பூச்சி தின்னும். “தேக்குதானே” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். சாயம் பூசி வெள்ளையை மறைப்பவர்களும் உண்டு. குறுக்குவெட்டு முனையைத்தான் பார்க்க வேண்டும், அங்கே பொய் சொல்வது கஷ்டம். அடிமரத்தின் நடுமையம் உள்ளே விழுந்த கட்டையை நிலைக்கு எடுக்காதீர்கள், அது வெடிக்கும்.

ஈரம் பார்க்க முள் குத்தும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சமையலறை போதும். மரத்தின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு வெட்டி வாங்கிவந்து, கிச்சன் தராசில் எடை பாருங்கள். கேக் அவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிமேல் குறையாது என்ற நிலை வரும்வரை காயவையுங்கள். முதலில் 116 கிராம், கடைசியில் 100 என்றால் ஈரம் 16 சதவீதம். எங்கள் ஊருக்கு 12-லிருந்து 15 வரை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 20-க்கு மேல் இருந்தால், கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம். காற்றில் காயவைக்க அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு; மலைக் குளிரில் அதுவும் போதாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் கீழேயே, முடிந்தால் சூளையில் உலர்த்திய மரமாக வாங்குங்கள்.

மேலே கொண்டுவந்த பிறகு

மரமாகவே கொண்டுவாருங்கள், கதவாக வேண்டாம். கதவு போகப்போகும் வீட்டிலேயே, நனையாத ஓர் அறையில், தரையில் படாமல், பலகைக்குப் பலகை இடைக்கட்டை வைத்து அடுக்கி மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள். நான் கதவாகக் கொண்டுவந்து பட்டது போதும். மலையிலேயே ஆசாரி வைத்துச் செய்தால் கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

நிலை வைப்பதற்கு நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சுவர் எழும்பும் முன்பே நிறுத்துவது வழக்கம். பூஜையில் குறையில்லை, ஈரச் சுவரும் பூச்சுவேலையும் மாதக்கணக்கில் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊட்டுவதுதான் குறை. முன்வாசல் நிலையை மட்டும் அப்படி வைத்து, சுவரில் படும் பக்கங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்து, மீதியைப் பாலித்தீனில் சுற்றிவிடுங்கள். மற்ற வாசல்களுக்கு இடம் விட்டுக் கட்டி, பூச்சு காய்ந்தபின் நிலையைப் பொருத்தலாம்.

இடைவெளி, மாதத்தைப் பொறுத்தது. பிப்ரவரி, மார்ச்சில் மாட்டும் கதவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு, ஐந்து மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள். நவம்பரில் மாட்டினால் இரண்டு போதும், ஏனென்றால் அது ஏற்கனவே ஊதியிருக்கிறது. திருகாணியும் கீலும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு என்றால் ஈர மரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும்.

பூச்சில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். முன்னும் பின்னும் பளபளப்பாக அடித்துவிட்டு, கதவின் தலையையும் அடியையும் மறந்துவிடுவார்கள். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பதே அந்த முனைகள் வழியாகத்தான். மாட்டிய பிறகு அடிப்பக்கத்துக்குப் பிரஷ் போகாது. கதவைப் படுக்கவைத்திருக்கும்போதே ஆறு பக்கமும் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். மஞ்சு இறங்கிய நாளில் மெலமைன் பாலிஷ் அடித்தால் வெள்ளை வெளேரென்று புகை படிந்தது போலாகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், வெயில் இருக்கும்போது அடிப்பது நல்லது. இந்த உயரத்தில் வெயிலின் புறஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கடுமை, வெளிக்கதவில் சாதாரண வார்னிஷ் சீக்கிரம் பொரிந்து உரியும். வெளிப்புறத்துக்கான எண்ணெய்ப் பூச்சை வருஷத்துக்கு ஒருமுறை துணியால் தேய்ப்பதுதான் நான் செய்வது. அரை நாள் வேலை.

முதல் மழைக்காலத்தில் கதவு பிடித்தால், எங்கே உரசுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதிவையுங்கள். கை வைக்க வேண்டாம். பிப்ரவரியில் அதே இடத்தில் எவ்வளவு சந்து விழுகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு அளவும் கையில் இருந்தால் எவ்வளவு இழைக்க வேண்டும் என்று ஆசாரிக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்தான் வரும்.